கன்னத்தில் பஞ்சு வைத்து எடுத்தார்களே, அதனால் யாராவது பிழைத்தார்களா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அக்கா மகனுக்கு 11 வயது. கடுமையான ஏப்ளாஸ்டிக் அனீமியா என்று சொல்லியிருக்கிறார்கள். கூடப்பிறந்த ஒரே தங்கையோடு எலும்பு மஜ்ஜை பொருந்தவில்லை. ‘ரெஜிஸ்ட்ரியில், அதாவது மஜ்ஜை தருகிறோம் என்று பெயர் பதிந்தவர்களின் பட்டியலில், தேடிப் பார்க்கலாம்’ என்கிறார் டாக்டர். நீங்கள் கல்லூரியில் படித்தபோது ஒரு முகாமில் உங்கள் கன்னத்தில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்தார்கள், அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை. இந்த ரெஜிஸ்ட்ரியால் நிஜமாகவே யாராவது பிழைத்திருக்கிறார்களா, இல்லை தலைக்கணக்கு காட்டுகிற வேலையா என்று கேட்கிறீர்கள். எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் முன்பின் தெரியாத யாரோ ஒருவரை நம்பிப் பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருக்கலாமா, அதற்குள் நாங்கள் வீட்டில் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், நீளும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. 13 வருடம், மஜ்ஜைப் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அதன்பிறகு 9 வருடமாக மஜ்ஜை மாற்று சிகிச்சைப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர். அதாவது டோனரை (மஜ்ஜை தருபவரை) தேடுவது, போன் போடுவது, தேதி குறிப்பது, பெட்டி வந்து சேரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் என் வேலை. பையனுக்கு எந்த மருந்து, எப்போது மாற்று சிகிச்சை என்பதையெல்லாம் அவனுடைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் ரத்தநோய் மருத்துவர்தான் சொல்ல முடியும். அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசுகிறேன்.

நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில்: பிழைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவர்களே நிறைய. என் மேசைக்கு வந்து கல்யாணப் பத்திரிகை வைத்தவர்கள் இருக்கிறார்கள். பிழைக்காதவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்காமல் பின்னால் சொல்கிறேன்.

ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் மஜ்ஜை காலியாகிவிடுகிறது. எலும்புக்குள் இருக்கும் ரத்தத் தொழிற்சாலை இயந்திரம் பழுதாகி நிற்பதில்லை, ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. பெரும்பாலும் உடம்பின் சொந்த எதிர்ப்பு அணுக்களே அந்த ஆட்களைத் துரத்தியிருக்கும். தலசீமியாவில் ஆட்கள் இருப்பார்கள், செய்கிற சிவப்பணு சரியாக வராது. லுக்கிமியா என்கிற ரத்தப் புற்றுநோயில் உள்ளே ரவுடி புகுந்திருப்பான். மூன்றும் வேறு வேறு நோய் என்றாலும் மாற்று சிகிச்சையில் செய்வது ஒன்றுதான்: பழைய ஆட்களை மருந்தால் வெளியேற்றிவிட்டு, இன்னொருவருடைய ஸ்டெம் செல்களை (ரத்தத்தை உருவாக்கும் தாய் செல்களை) ரத்தம் ஏற்றுவது போலவே ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது. அவை தானாகவே எலும்புக்குள் போய்க் குடியேறிக்கொள்ளும். அறுவை சிகிச்சை கிடையாது. பலர் இதைக் கிட்னி மாற்றுவதைப் போல நினைத்துக்கொண்டு வருகிறார்கள். சலைன் பாட்டில் மாதிரி ஒரு பை தொங்குவதைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்று ஏமாந்துகூடப் போகிறார்கள்.

சிக்கல் குடியேறிய பிறகுதான். வந்தவர்கள் கூடவே தங்கள் காவல்காரர்களையும், அதாவது எதிர்ப்பு அணுக்களையும், கொண்டுவருகிறார்கள். அந்தக் காவல்காரர்கள் நோயாளியின் தோலை, குடலை, ஈரலைப் பார்த்து ‘இது யார் வீடு?’ என்று அடிக்க ஆரம்பித்தால் அதற்குப் பெயர் ஜி.வி.எச்.டி. இதைக் குறைக்கத்தான் பொருத்தம் பார்க்கிறோம். பார்ப்பது ரத்த வகையை இல்லை, எச்.எல்.ஏ. என்கிற அடையாள அட்டையை. ஆறாவது குரோமோசோமில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும் மரபணுக்கள் அவை. ஏ, பி, சி, டிஆர்பி1, டிக்யூபி1 என்று ஐந்து இடம், அம்மா வழி ஒன்று அப்பா வழி ஒன்று, ஆகப் பத்து. ‘பத்துக்குப் பத்து’ என்று டாக்டர் சொல்வது இதைத்தான். உலகம் முழுக்க இதுவரை பெயர் வைத்த எச்.எல்.ஏ. வகைகள் 40,000-ஐத் தாண்டிவிட்டன. அதில் பத்தும் ஒத்துப்போகிற ஓர் அந்நியரைத் தேடுகிறோம் என்றால் வேலையின் அளவு புரியும்.

பக்கம் பக்கமாக உட்கார்ந்திருப்பதால் இவை பெரும்பாலும் கட்டாகத்தான் பிள்ளைக்கு இறங்கும். அம்மாவிடம் இரண்டு கட்டு, அப்பாவிடம் இரண்டு கட்டு, ஆளுக்கு ஒன்று. அதனால் கூடப்பிறந்தவர் ஒருவர் முழுப் பொருத்தமாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு. இரண்டு பேர் இருந்தால் 44 சதவீதம், மூன்று பேர் என்றால் 58. என் அப்பா வீட்டில் எட்டுப் பேர். இப்போது வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ரெஜிஸ்ட்ரிக்குத் தேவை கூடிக்கொண்டே போவதற்கு நோய் கூடியதைவிட இந்தக் கணக்குதான் பெரிய காரணம் என்பேன்.

இங்கே நின்று உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அக்காவும் மாமாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களா? வெளியூர் டோனரைத் தேடும் முன் எங்கள் பிரிவில் இதைத்தான் முதலில் கேட்போம். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் ஒரே கட்டு இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருக்கும். பெற்றவர்களில் ஒருவரோ, சித்தப்பாவோ, மாமாவோ, பாட்டியோகூட முழுப் பொருத்தமாக வந்துவிடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சொந்தத்தில் கட்டினால் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். அதே உறவுமுறை டோனர் தேடும்போது கைகொடுக்கிறது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட குடும்பம் என்றால் உடன்பிறப்போடு நிறுத்தாமல் சொந்தபந்தம் எல்லோரையும் சோதிப்பது லாபம். சொந்தத்தில் கட்டவில்லை என்றால் தாய்மாமனான நீங்கள் முழுப் பொருத்தமாக இருப்பது அபூர்வம். ஆனால் பாதிப் பொருத்தமாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தப் பாதி இன்றைக்கு எவ்வளவு பெறும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ரெஜிஸ்ட்ரி என்ற யோசனை ஒரு தாயிடமிருந்து வந்தது. ஷெர்லி நோலன். மகன் ஆண்டனி 1971-ல் பிறந்தான், விஸ்காட் ஆல்ட்ரிச் என்கிற அபூர்வமான பிறவி ரத்தநோயோடு. வீட்டில் யாரும் பொருந்தவில்லை. 1973-ல் நியூயார்க்கில் ஒரு குழந்தைக்கு டென்மார்க்கிலிருந்து கிடைத்த அந்நியரின் மஜ்ஜையை ஏற்றினார்கள். அப்படியானால் அந்நியரும் ஆகும் என்று தெரிந்துபோயிற்று. ஆனால் அந்த அந்நியர் எங்கே இருக்கிறார் என்று யாரிடம் கேட்பது? 1974-ல் லண்டனில் ஷெர்லி ஒரு பட்டியலைத் தொடங்கினார். ஆண்டனிக்குக் கடைசிவரை ஆள் கிடைக்கவில்லை, 1979-ல் இறந்துவிட்டான். பட்டியல் நின்றுவிடவில்லை. இன்று உலக நாடுகளின் பட்டியல்களை இணைத்துப் பார்த்தால் 4 கோடிக்கு மேல் பெயர்கள். இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று மும்பை டாடா மெமோரியலில் 1983-ல் நடந்தது, வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல். ஆனால் அந்நியர்களின் பெரிய பட்டியல் என்று நமக்கு ஒன்று வர மிகவும் தாமதமாயிற்று. சென்னையைச் சேர்ந்த தாத்ரி என்கிற ரெஜிஸ்ட்ரி 2009-ல்தான் தொடங்கியது.

இந்தப் பட்டியலைப் பலர் ரத்த வங்கி என்று நினைக்கிறார்கள். வங்கியில் போய்ப் பை வாங்கிக்கொண்டு வரலாம். இங்கே எங்கேயும் மஜ்ஜை சேமித்து வைக்கப்படவில்லை. உங்கள் கன்னத்திலிருந்து எடுத்த பஞ்சில் இருந்தது சில செல்கள், அதிலிருந்து படித்தது உங்கள் எச்.எல்.ஏ. வகைகளைக் குறிக்கும் பத்து எண்கள், கூட உங்கள் பெயர், வயது, போன் நம்பர். அவ்வளவுதான் ரெஜிஸ்ட்ரி. கேட்கும்போது தருகிறேன் என்று லட்சக்கணக்கான பேர் கொடுத்த வாக்கு, அகரவரிசையில். வாக்குக்கு என்ன மதிப்பு என்பது கேட்கும்போதுதான் தெரியும்.

கேட்பது எப்படி என்று ஒரு நாளைக் காட்டுகிறேன். நோயாளியின் எண்களைப் போட்டதும் கணினி சில நிமிடத்தில் பட்டியல் தரும். ஒரு பெண் குழந்தை, எட்டு வயது, லுக்கிமியா திரும்பி வந்திருந்தது. இந்தியாவில் மூன்று பெயர் காட்டியது. சந்தோஷத்தில் டீ வாங்கிவரச் சொன்னேன். டோனரிடம் மருத்துவமனை நேரடியாகப் பேசக்கூடாது, ரெஜிஸ்ட்ரிதான் பேசும். அன்று சாயங்காலம் அங்கிருந்த பெண் கூப்பிட்டுச் சொன்னார். முதல் நம்பரை எடுத்தவர் நாமக்கல் பக்கம் ஒரு லாரி டிரைவர். கல்லூரி மாணவர் வைத்திருந்த சிம் காலாவதியாகி இவரிடம் வந்திருந்தது. ஹாஸ்டல் முகவரிக்குப் போட்ட கடிதமும் பின்னால் திரும்பி வந்தது. இரண்டாவது ஒரு பெண். அவர் தயார்தான். போனை அம்மா வாங்கிக்கொண்டார். ‘வரன் பாத்துக்கிட்டிருக்கோம் மேடம், முதுகெலும்புல ஊசி போட்டு எடுத்தாங்கன்னு வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா?’ மூன்றாமவர் வெளிநாட்டில், அங்கிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்றார். அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் இல்லை. கணினி காட்டிய மூன்று பேர் கைக்கு வந்தபோது பூஜ்யம்.

உங்களுக்கு ஏன் போன் வரவில்லை என்றால், பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க வராது, அது இயல்பு. உங்கள் எண்களோடு ஒத்துப்போகிற ஒருவருக்கு நோய் வந்தால்தானே கூப்பிடுவார்கள். ஆனால் நீங்கள் கல்லூரி முடித்து நம்பர் மாற்றியிருந்தால், கூப்பிட்டிருக்கவும்கூடும். ‘தலைக்கணக்கா’ என்று நீங்கள் கேட்டதில் எனக்கும் ஓர் ஆதங்கம் உண்டு. சில முகாம்களில் ஒரு மணி நேரத்தில் நானூறு பேரிடம் பஞ்சு எடுக்கிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள், செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். என்ன வாக்கு கொடுத்தோம் என்று அந்தப் பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு பஞ்சையும் பரிசோதிக்க ஆயிரக்கணக்கில் செலவாகிறது. அந்த நானூறு பேருக்குப் பதிலாக, அரை மணி உட்கார வைத்துப் பேசி, வீட்டிலும் சொல்லிவிட்டு வந்த நாற்பது பேரை எனக்குக் கொடுத்தால் போதும். இது என் கருத்து. ரெஜிஸ்ட்ரி நடத்துகிறவர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எண்ணிக்கையும் வேண்டும் என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஏனென்றால் எண்ணிக்கையில் நாம் ரொம்பக் கீழே. எட்டு கோடிப் பேர் சொச்சம் உள்ள ஜெர்மனியில் ஏறத்தாழ 1 கோடிப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். 140 கோடியில் நாம் இன்னும் சில லட்சங்களில்தான் நிற்கிறோம். ‘உலகம் முழுக்க 4 கோடி இருக்கே, அதில் கிடைக்காதா?’ என்று கேட்பார்கள். கிடைக்கலாம், ஆனால் எச்.எல்.ஏ. கட்டுகள் வம்சாவளியோடு போகிறவை. அமெரிக்க ரெஜிஸ்ட்ரியே வெளியிடும் கணக்குப்படி அங்குள்ள வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 79 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 29. அதே பட்டியல், அதே கணினி. வித்தியாசம் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதில். நம்மிடம் இன்னொரு சிக்கல்: தலைமுறை தலைமுறையாகத் தத்தம் வட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால், சில கட்டுகள் அந்தந்த வட்டத்துக்குள் மட்டும் சுற்றுகின்றன. கணினிக்குச் சாதியும் தெரியாது, ஊரும் தெரியாது, பத்து எண்தான் தெரியும். ஆனாலும் எந்த மக்கள் பட்டியலில் குறைவோ அந்த மக்களின் பிள்ளைக்குத்தான் ‘இல்லை’ என்று பதில் வருகிறது. டொராண்டோவிலோ லண்டனிலோ கோலாலம்பூரிலோ இருக்கிற தமிழர்கள் அந்தந்த நாட்டுப் பட்டியலில் சேர்ந்தால் ஊரில் இருக்கிற பிள்ளைக்கும் அது எட்டும். செலவு மட்டும் கூடும். வெளிநாட்டிலிருந்து செல்களை வரவழைக்கும் தொகை நம்மவர் பலருக்குத் தாங்காது.

டோனருக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் ஊரில் பொய்யும் மெய்யும் கலந்து கிடக்கிறது. அந்த அம்மா பயந்த முதுகெலும்பு இதில் எங்கேயும் வராது. முதுகுத் தண்டுவடம் வேறு, எலும்பு மஜ்ஜை வேறு. இரண்டுக்கும் ‘எலும்பு’ என்ற சொல் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம். இப்போது பெரும்பாலும் கையிலிருந்தே எடுக்கிறார்கள். நான்கைந்து நாள் ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசியைத் தோலுக்கடியில் போடுவார்கள், அது மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குத் தள்ளும். அந்த நாட்களில் இடுப்பு, தொடை எலும்பெல்லாம் காய்ச்சல் வந்தது போல வலிக்கும், பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். ஐந்தாம் நாள் இயந்திரத்தில் உட்கார வேண்டும். டெங்கு காலத்தில் தட்டணு (பிளேட்லெட்) கொடுத்தவர்களுக்கு அந்த இயந்திரம் தெரியும், அதே ரகம்தான். ஒரு கையில் ரத்தம் போகும், இயந்திரம் சுழற்றி வேண்டியதைப் பிரித்துக்கொள்ளும், மிச்சம் மறு கையில் திரும்பி வரும். நாலைந்து மணி நேரம். நடுவில் உதடு குறுகுறுக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டு கையும் மடக்க முடியாது என்பதால் மூக்கு அரித்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டும், டோனர்கள் எல்லோரும் எங்களிடம் சொல்கிற ஒரே பெரிய புகார் அதுதான். கடைசியில் நீர்விட்ட தக்காளித் தொக்கு நிறத்தில் ஒரு சிறிய பை. நோயாளியின் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல்லுக்குக் குறையக்கூடாது, 50 லட்சம் வந்தால் டாக்டர் சிரிப்பார். குறைந்தால் மறுநாளும் உட்கார வேண்டிவரும்.

இன்னொரு முறை, மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையையே உறிஞ்சுவது. விழுந்து அடிபட்டது போல ஒரு வாரம் இடுப்பு வலிக்கும். ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் இந்த முறையில் எடுத்த மஜ்ஜைதான் நல்லது என்று டாக்டர்கள் விரும்புவார்கள், பிறகு வரும் ஜி.வி.எச்.டி. குறைவு என்பதால். உங்கள் மருமகனுக்கு டோனர் கிடைத்தால் இந்தப் பேச்சு வரும், தயாராக இருங்கள். இரண்டிலுமே ஆபத்தே கிடையாது என்று சொல்லமாட்டேன். முதலில் சொன்ன ஜி.சி.எஸ்.எஃப். முறையில் மண்ணீரல் வீங்கும், மிக அபூர்வமாக அது கிழிந்தது உண்டு. இன்னொன்றில் மயக்க மருந்துக்கான வழக்கமான ஆபத்து. அதனால்தான் கொடுக்குமுன் முழு உடல் பரிசோதனை. எடுத்த செல்களை உடம்பு சில வாரத்தில் நிரப்பிக்கொள்ளும். கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் கொடுக்கக்கூடாது. கொடுப்பதற்குப் பணம் கிடையாது, ஒரு பைசாவும்.

இனி நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகும் இடம். டோனர் எப்போது வேண்டுமானாலும் மாட்டேன் என்று சொல்லலாம், அது அவர் உரிமை, யாரும் சட்டையைப் பிடிக்க முடியாது. ஆனால் வார்டில் நாட்களை நாங்கள் பின்னோக்கி எண்ணுவோம்: மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு, ஜீரோ அன்று செல் ஏற்றுவது. மைனஸ் நாட்களில் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து அவருடைய மஜ்ஜையைத் துடைத்துவிடும். அதன்பிறகு டோனர் வராவிட்டால் அந்த உடம்பில் ரத்தம் செய்ய ஒருவரும் இல்லை. என் அனுபவத்தில் ஒரே ஒரு முறை, மைனஸ் மூன்றில், டோனரின் போன் அணைந்துபோயிற்று. அவருடைய தாத்தா கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். ராத்திரி முழுக்க ரெஜிஸ்ட்ரிக்காரர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசி, விடிகாலை அவர் வந்தார். அந்த ராத்திரியை நோயாளியின் அம்மாவிடம் நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதானால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று முகாம்களில் நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

எடுத்த பை அன்றே கிளம்பும். குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி, 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்குள் போயாக வேண்டும். சரக்கில் போடமாட்டார்கள், ஒருவர் கையில் எடுத்துக்கொண்டே வருவார். விமான நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விடக்கூடாது என்று கடிதம் காட்டிக் கெஞ்சி, கையால் சோதித்து அனுப்பச் சொல்வார். 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது பெரும்பாலான ரெஜிஸ்ட்ரிகள் பழையபடி அனுப்பத் துணியவில்லை. செல்களை முன்கூட்டியே வாங்கி உறைய வைத்துவிட்டு, அது கைக்கு வந்த பிறகே நோயாளிக்கு மருந்தைத் தொடங்கினார்கள். உறைய வைக்கச் சேர்க்கும் ரசாயனம் நோயாளியின் மூச்சிலும் வேர்வையிலும் வெளியேறும், அறை முழுக்க இரண்டு நாள் பூண்டு வாசனை அடிக்கும். அந்தக் காலத்தில் எங்கள் வார்டைத் தாண்டிப் போகிறவர்கள் யாரோ ரசம் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

செல் ஏறிய பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். காலையில் வருகிற ரிப்போர்ட்டில் வெள்ளணு எண்ணிக்கைக்காக வார்டு முழுக்கக் கண்வைத்திருக்கும். நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு வகை 500-ஐத் தொட்டு மூன்று நாள் நின்றால் ஒட்டிவிட்டது என்போம். டோனரின் ரத்த வகை வேறாக இருந்தால் சில மாதத்தில் நோயாளியின் ரத்த வகையே மாறிவிடும். பி பாசிட்டிவாக வந்த ஒரு பையன் ஓ பாசிட்டிவாகப் போனான், பிற்பாடு டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது பழைய ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து நின்றான். இவ்வளவு நடந்தும் தோற்பது உண்டு. செல் ஒட்டாமல் போகலாம், கிருமி தாக்கலாம், ஜி.வி.எச்.டி. தீவிரமாகலாம், லுக்கிமியா என்றால் திரும்பி வரலாம். பத்துக்குப் பத்து என்பது ஆபத்தைக் குறைக்கும், அழிக்காது. இதை முன்பே தெரிந்துகொண்டு போகிற குடும்பம் நடுவழியில் உடைந்துபோவதில்லை என்பதால் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிமேல் சொல்வதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே குரல் கிடையாது. முன்பெல்லாம் பாதிப் பொருத்தம் என்றால் கைவிட்டுவிடுவோம். இப்போது செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைட் என்கிற மருந்தைக் கொடுத்து அந்த ஆக்ரோஷக் காவல்காரர்களை மட்டும் களையெடுக்கும் முறை வந்துவிட்டது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வளர்த்தெடுத்தது. பெற்றவர் எப்போதும் பாதிப் பொருத்தம்தானே, ஆக எல்லாப் பிள்ளைக்கும் வீட்டிலேயே ஒரு டோனர் தயார். போன் போட வேண்டாம், மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், ரெஜிஸ்ட்ரிக் கட்டணம் இல்லை. நம் நாட்டில் இது வேகமாகப் பரவ இதுவே காரணம். அப்படியானால் ரெஜிஸ்ட்ரியே எதற்கு என்று கேட்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது அவசர முடிவாகத் தோன்றுகிறது. சில நோயாளிகளின் ரத்தத்தில் பெற்றவரின் செல்லுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) ஏற்கனவே இருக்கும், பாதிப் பொருத்தம் ஒட்டாது. சில பரம்பரை நோய்களில் வீட்டாரிலேயே பலருக்கு அந்தக் குறை இருக்கும். நல்ல இளம் டோனர் பத்துக்குப் பத்தாகச் சீக்கிரம் கிடைத்தால் அதையே எடுப்போம் என்பவர்கள் இன்னும் நிறையப் பேர். நோயையும் மருத்துவமனையின் கைப்பழக்கத்தையும் பொறுத்துப் பதில் மாறும். ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் இன்னொரு வழியும் உண்டு: ஏ.டி.ஜி., சைக்ளோஸ்போரின் என்று எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுத்து, சொந்த மஜ்ஜையையே எழுப்பிப் பார்ப்பது. சிறுவயதில் நல்ல டோனர் கையில் இருந்தால் நேராக மாற்று சிகிச்சை, இல்லாவிட்டால் மருந்து என்பது பொதுவான போக்கு. எங்கே கோடு போடுவது என்பதை உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

யாராவது சொந்தக்காரர் ‘தங்கச்சி பொறந்தப்ப தொப்புள்கொடி ரத்தம் பேங்க்ல போட்டிருந்தா இப்ப உதவியிருக்குமே’ என்று அக்காவைக் குற்றம் சொன்னால், தங்கை பொருந்தவில்லை என்றால் அந்த ரத்தமும் பொருந்தாது என்று சொல்லி வாயை அடைத்துவிடுங்கள். தன் பிள்ளைக்கே பிற்காலத்தில் பயன்படும் என்று காசு கட்டிச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரே சொல்லியிருக்கிறது.

காத்திருக்கும் நேரத்தில் வீட்டில் கவனிக்க வேண்டியது: பையனுக்கு ரத்தமோ தட்டணுவோ தேவைப்படும்போது பாசத்தில் நீங்களோ அக்காவோ மாமாவோ கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு டோனராகக்கூடியவரின் ரத்தம் இன்றைக்கே உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டு பிறகு செல்லை ஒட்டவிடாமல் செய்யும். நண்பர்கள் கொடுக்கட்டும். வெள்ளணு வடிகட்டி, கதிர்வீச்சு பாய்ச்சிய ரத்தமாகக் கிடைக்குமா என்று ரத்த வங்கியில் கேளுங்கள். ஏற்றுவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, ஆனால் டாக்டர் ஏற்றச் சொல்லும்போது தயங்கவும் கூடாது. பையனுக்கும் பெற்றவர்களுக்கும் எச்.எல்.ஏ. விரிவான பரிசோதனை ஆகிவிட்டதா என்று பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் குடும்பத்தார் நேராகத் தேட முடியாது, மாற்று சிகிச்சை மையம்தான் அனுப்ப வேண்டும். முதல்கட்டத் தேடல் முடிவு சில நாளில் வந்துவிடும். அது வந்ததும் ஒரு பெயருக்காகக் காத்திருக்காமல், பாதிப் பொருத்தம் யார் என்பதையும் கூடவே முடிவு செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருமகனுக்காக ஊரில் முகாம் போடலாமா என்று கேட்டால், போடுங்கள். ஆனால் அவனுக்கே அதில் ஆள் கிடைக்கும் என்று அக்காவிடம் சொல்லாதீர்கள், அந்த வாய்ப்பு மிகக் குறைவு. கிடைப்பது வேறு ஏதோ ஊரில் வேறு யார் பிள்ளைக்கோவாக இருக்கும்.

கல்லூரி முகாமில் உங்களுக்கு ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள், பழைய சான்றிதழ்களுக்கு நடுவே தேடிப் பாருங்கள். அதில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு உங்கள் இப்போதைய நம்பரையும் முகவரியையும் மாற்றச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. பிறகு அக்காவும் மாமாவும் என்ன உறவு என்று இங்கே எழுதுங்கள். சொந்தம் என்றால் யார் யாரை முதலில் சோதிக்க வேண்டும் என்று வரிசை போட்டுத் தருகிறேன்.